மரக்கறி வரிசைகளுக்கு இடையில் ஓட்டுவதற்குச் சிறிய உழவு இயந்திரம்: எதைத் தெரிவு செய்யலாம்?

களுதாவளைத் தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில் இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடிய மணல் நிலத்தில் மரக்கறிச் செய்கை செய்து வருகிறேன். மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் மிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவற்றை நடுவதும், ஒரு பகுதியில் கச்சான் (நிலக்கடலை) போடுவதும் வழக்கம். கிணற்று நீரைப் பம்பியால் இறைத்துத் தூவல் முறையில் பாய்ச்சுகிறேன். முதல் உழவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வாடகைக்கு வரும் பெரிய நான்கு சில்லு இயந்திரம் ஒன்பது கொழுக் கலப்பையைப் பூட்டிக்கொண்டு வந்து, காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விடும்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. கன்று வேர் பிடித்து இரண்டு மூன்று கிழமை ஆவதற்குள் வரிசைகளுக்கு இடையில் கோரையும் அறுகும் எழுந்துவிடுகின்றன. முன்னர் அயலில் உள்ள பெண்கள் குழுவாக வந்து மண்வெட்டியால் கொத்திப் புல் பிடுங்கித் தருவார்கள். இப்போது அவர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். சிலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆள் கிடைக்கும் நாளில் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகிறது. மேலுரம் போட்டவுடன் மண் அணைக்க வேண்டிய வேலையும் இதேபோல் பிந்திப் போகிறது.

ஆகவே வரிசைகளுக்கு இடையில் ஓட்டிக் களையை அழிக்கவும், முடிந்தால் மண் அணைக்கவும் கூடிய சிறிய இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். என் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. பாவித்த லாண்ட்மாஸ்டர், அதாவது கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு டீசல் உழவு இயந்திரம், ஒன்றை வாங்குவது முதலாவது. பெற்றோலில் ஓடும் சிறிய கை உழவு இயந்திரத்தைப் புதிதாக வாங்குவது இரண்டாவது. ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கு கொண்டுவரப்படும், ஏறி அமர்ந்து ஓட்டக்கூடிய சிறிய நான்கு சில்லு இயந்திரத்தைத் தேடுவது மூன்றாவது. நான்கு இலட்சம் ரூபாவுக்கு மேல் ஒதுக்க என்னால் இயலாது என்பதால் மூன்றாவது வழி எட்டாமல் போகலாம். ஆயினும் அது உண்மையிலேயே ஏற்றதென்றால் ஒரு போகம் பொறுத்திருந்து வாங்கவும் ஆயத்தமாக உள்ளேன். மணல் நிலத்தில் இவற்றை ஓட்டியவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

படுவான்கரை உழவன்

வணக்கம் தம்பி. நான் வெல்லாவெளிப் பக்கத்தில் வயலும் மேட்டுநிலச் சோளமும் செய்பவன். லாண்ட்மாஸ்டரையே வாங்குங்கள் என்பது என் கருத்து. ஆனால் களை எடுப்பதற்காக மட்டும் அதை வாங்கச் சொல்லவில்லை. அந்த இயந்திரம் ஆண்டு முழுவதும் உங்களுக்கு உழைக்கும். பெட்டியைப் பூட்டினால் மாட்டெரு ஏற்றி வரலாம், பறித்த மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு போகலாம், பெல்ட்டை மாற்றிப் போட்டால் தண்ணீரும் இறைக்கலாம். வயற்காலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வாடகைக்கு விட்டால் அதன் தவணைக் காசை அதுவே தேடித் தரும். பெற்றோலில் ஓடும் சிறிய இயந்திரம் தோட்டத்தைத் தாண்டி எந்த வேலைக்கும் உதவாது.

எங்கள் பக்கத்தில் ஓடும் சீன இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எஸ்195 வகை ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். 12 குதிரை வலு, 815 சிசி, நிமிடத்துக்கு 2000 சுற்று. ஊரில் எந்தக் கராஜுக்குக் கொண்டு போனாலும் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார். பிஸ்டன் ரிங்கும் நொசிலும் சைக்கிள் சாமான் போலக் கிடைக்கும். ஜப்பானின் குபோட்டா நல்ல இயந்திரம்தான், ஓசையும் குறைவு, ஆனால் பழையதாக வாங்கினாலும் விலை கூட, உதிரிப் பாகத்துக்கும் கையைக் கடிக்கும்.

பாவித்ததை வாங்குவதென்றால் விடியற்காலையில், விற்பவர் அதை முடுக்கி வைப்பதற்கு முன் போய் நில்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தால்தான் அமுக்கம் எப்படி இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். முடுக்கிய பின் புகை நீலமாகத் தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது என்று பொருள். அடுத்து, கியர்ப் பெட்டியின் ஒயிலைச் சிறிது இறக்கிப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் சில்லு அச்சின் சீல் போய், வயல் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. சேற்றில் உழைத்த இயந்திரங்களில் இதை அடிக்கடி காணலாம். அதற்குள் இருக்கும் பெயாரிங்குகளின் நிலையை வெளியில் நின்று யாராலும் சொல்ல முடியாது. கைப்பிடியில் உள்ள இரண்டு பக்கக் கிளச்சுகளையும் தனித்தனியாக அழுத்தி, இரு பக்கமும் ஒரே அளவாகத் திரும்புகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பதிவுப் புத்தகம் விற்பவரின் பெயரில் இருக்க வேண்டும். எஞ்சின் இலக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. எஸ்195 எஞ்சினின் மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதால்தான் அந்த எஞ்சின் குளிர்கிறது. கடற்கரைக் கிணற்றில் உவர் ஏறும் காலத்தில் அதே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், ஆவி போக உப்பு மட்டும் உள்ளே தங்கும். சில போகங்களில் உட்சுவர் துருப்பிடித்துக் காவி கட்டிவிடும். மழைநீரைப் பிடித்து வைத்து அதையே ஊற்றுங்கள்.

மண்ணும் பயிரும்

வணக்கம். வந்தாறுமூலையில் விவசாயம் படித்து, இப்போது களப்பணியில் இருக்கிறேன். படுவான்கரை ஐயா பழைய இயந்திரத்தைச் சோதிப்பது பற்றிச் சொன்னதில் நான் கூட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் தேடுவது மிளகாய் வரிசைக்குள் நுழையக்கூடிய இயந்திரத்தை. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது குதிரை வலுவை அல்ல, அகலத்தை.

விவசாயத் திணைக்களம் மிளகாய்க்குப் பரிந்துரைக்கும் இடைவெளி 60 க்கு 45 சென்ரிமீற்றர்; கச்சானுக்கு 45 க்கு 15. லாண்ட்மாஸ்டரில் பூட்டும் ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) மட்டுமே ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலம் கொண்டது. சில்லுகளின் வெளி விளிம்பை அளந்தால் அதைவிடவும் கூடும். கன்றின் இரு பக்கத்திலும் குறைந்தது 10 சென்ரிமீற்றர் விட்டாக வேண்டும் என்பதால், 60 சென்ரிமீற்றர் வரிசையில் உண்மையில் வேலை செய்ய எஞ்சுவது 40 சென்ரிமீற்றர்தான். கிளை விரிந்த பிறகு அதுவும் சுருங்கும். எனவே இப்போதுள்ள நடுகை முறையில் லாண்ட்மாஸ்டர் மிளகாய்க்குள் போகாது. வெண்டியை 90 சென்ரிமீற்றரில் நட்டால்கூட அது தட்டுத்தடுமாறித்தான் போகும்.

இயந்திரத்துக்கேற்ப வரிசையை மாற்றலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எல்லா வரிசைகளையும் 60 இல் நடுவதற்குப் பதிலாக, இரண்டு வரிசையை 45 சென்ரிமீற்றரில் நெருக்கி நட்டு, அடுத்த சோடிக்கு 75 சென்ரிமீற்றர் விட்டுப் பாருங்கள். 45 உம் 75 உம் சேர்ந்தால் 120. 60 உம் 60 உம் சேர்ந்தாலும் அதே 120. ஏக்கருக்குரிய கன்றுகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாது. உங்களுக்கோ 55 சென்ரிமீற்றர் ஓடுபாதை கிடைக்கிறது. சோடிக்குள் இருக்கும் 45 சென்ரிமீற்றரை வைக்கோலாலோ காய்ந்த இலைகுழையாலோ மூடிவிட்டால் அங்கே களை எழுவது குறையும், மணலில் ஈரமும் தங்கும். மீதிக் களையைத்தான் கையால் எடுக்க வேண்டியிருக்கும். நடும்போது கயிறு கட்டி நேராக நடுவது இங்கே இன்றியமையாதது, ஏனெனில் வளைந்த வரிசையில் எந்த இயந்திரமும் கன்றை வெட்டும்.

ஏறி ஓட்டும் சிறிய நான்கு சில்லு இயந்திரத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜப்பானில் பாவித்து வரும் சிறிய குபோட்டா, யன்மார், இசெக்கி இயந்திரங்கள் பெரும்பாலும் வயலுக்கென்று ரொட்டவேட்டர் பூட்டி வருபவை. அவற்றின் பின்னால் களைக் கலப்பையைப் பூட்டினாலும், ஓட்டுபவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி முன்னால் ஓட்ட வேண்டும். அதோடு, பின்னச்சுக்குப் பின்னால் தொங்கும் கருவி, நீங்கள் வலப்பக்கம் திருப்பும்போது முதலில் இடப்பக்கம் ஒதுங்கும். கன்றுக்குப் பக்கத்தில் அந்த ஒரு கணமே போதும் வேரோடு கிளப்புவதற்கு. இதை உணர்ந்துதான் அமெரிக்காவில் அலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1948 இலிருந்து 1955 வரை ஜி என்ற சிறிய இயந்திரத்தைச் செய்து விற்றது. அதில் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். களைக்கருவி அவருடைய கால்களுக்கு முன்னால், கண்ணுக்கு நேரே தொங்கும். ஏறத்தாழ 10 குதிரை வலுதான், ஆயினும் அங்குள்ள சிறிய மரக்கறித் தோட்டக்காரர்கள் இன்றும் அதைத் தேடி வாங்கித் திருத்தி ஓட்டுகிறார்கள். அந்த அமைப்புடைய இயந்திரம் நம் பக்கத்துச் சந்தையில் கிடைப்பதில்லை. பின்னால் நடந்து ஓட்டும் சிறிய கை இயந்திரத்தில் கருவியும் கன்றும் ஒன்றாகக் கண்ணில் படுகின்றன என்பதால், நமக்கு அதற்கு மிக அண்மையில் வருவது அதுதான்.

கோரை பற்றியும் சொல்ல வேண்டும். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலி போலக் கோத்திருக்கும். சுழலும் கத்தி அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டித் தோட்டம் முழுவதும் பரப்பும். ஒவ்வொரு துண்டும் தனியாக முளைக்கும். ஈரமணலில் ரொட்டவேட்டர் அடித்துவிட்டு, பத்து நாளில் முன்னரைவிட அடர்த்தியாகக் கோரை வந்திருக்கிறதே என்று கேட்பவர்களைக் களத்தில் நிறையச் சந்திக்கிறேன். கோரை மிகுந்த பாத்திகளில், வாத்துக் காலின் வடிவில் அமைந்த தட்டையான கொழுவை இரண்டு அங்குல ஆழத்துக்குள் இழுத்து மேற்பகுதியை அறுப்பதும், கிழமைக்கொரு முறையோ இரு கிழமைக்கொரு முறையோ அதையே திரும்பச் செய்வதும்தான் கிழங்கைச் சோர வைக்கும். நிலம் வெறுமையாகக் கிடக்கும் ஆனி, ஆடியில், வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் காற்று வீசும் நாட்களில், உலர்ந்த மணலைக் கிளறிக் கிழங்கை வெயிலில் போட்டால் காய்ந்து செத்துவிடும். அதற்குப் பெரிய இயந்திரத்தின் கொழுக் கலப்பையே போதும்.

ஆழத்தில் கவனமாக இருங்கள். மிளகாயின் ஊட்ட வேர்கள் மேல்மண்ணில்தான் படர்ந்திருக்கும். பூக்கத் தொடங்கிய பின் கன்றுக்கு அருகில் ஆழமாகக் கிளறினால் அன்று மாலையே இலை தொங்குவதைக் காண்பீர்கள்.

அக்கரைப்பற்றுப் பட்டறை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் தோட்டம் செய்பவன் அல்ல. இந்த இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவதும் அவற்றுக்குக் கருவி ஒட்டிக் கொடுப்பதும் என் தொழில். ஆகவே தொழிற்காரனின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பெற்றோலில் ஓடும் சிறிய இயந்திரம் என்று கடைகளில் இருப்பவை இரண்டு வகை. ஒன்றில் சில்லே கிடையாது. சில்லு இருக்க வேண்டிய அச்சிலேயே கத்திகள் சுழன்று, மண்ணைக் கொத்தியபடி தன்னைத்தானே முன்னால் இழுத்துப் போகும். மற்றையதில் இரண்டு சில்லுகள் இருக்கும், கருவி பின்னால் வரும். விலை குறைந்தது முதல் வகை. மணலுக்கு அதன் வலு தாராளமாகப் போதும். கத்திகளைத் தொகுதி தொகுதியாகக் கழற்றலாம் என்பதால், வெளித் தொகுதியைக் கழற்றிவிட்டு அகலத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அதன் பின்னால் கீழ்நோக்கி ஓர் இரும்புத் தண்டு இருக்கும். பலர் அதைத் தேவையற்றது என்று கழற்றி வீட்டில் போட்டுவிடுகிறார்கள். ஆழத்தைக் கட்டுப்படுத்துவதே அதுதான். கைப்பிடியை அழுத்தித் தண்டை மண்ணில் ஊன்றினால் இயந்திரம் நின்று ஆழமாகக் கொத்தும், தூக்கினால் மேலாகக் கிளறியபடி ஓடும். தண்டு இல்லாமல் ஓட்டினால் அது ஓட்டுபவரைத் தோட்டம் முழுவதும் இழுத்துக்கொண்டு திரியும்.

எஞ்சினைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஹொண்டா ஜிஎக்ஸ் 160 என்பது 163 சிசி, ஜிஎக்ஸ் 200 என்பது 196 சிசி. கடையில் கிடைக்கும் சீன எஞ்சின்களில் அநேகமானவை இவற்றின் அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்டவையே. உங்கள் கிணற்றடியில் இருக்கும் பெற்றோல் பம்பியைத் திரும்பிப் பாருங்கள், பெரும்பாலும் அதே எஞ்சின்தான் அதிலும் இருக்கும். அதனால் பிளக், காபரேட்டர், இழுக்கும் கயிற்றுச் சுருள் எல்லாம் கல்முனையிலும் களுவாஞ்சிகுடியிலும் தண்ணீர்ப் பம்பி திருத்துபவரிடமே கிடைக்கும். இவ்வகை எஞ்சினுக்குப் பிடிக்கும் ஒயில் 600 மில்லி லீற்றர் அளவுதான். அவ்வளவு சிறிய அளவு என்பதால் குறைந்தாலும் கறுத்தாலும் எஞ்சின் உடனே பாதிக்கப்படும். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் திறந்து பார்ப்பது நல்லது. காற்று வடிகட்டியை அதைவிடவும் அடிக்கடி பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் காற்றுக்கெதிரே ஓட்டும்போது நுண்ணிய தூசு கடதாசி வடிகட்டியில் அப்பிவிடும். உங்கள் பக்கத்திலிருந்து வரும் எஞ்சின்களைப் பிரித்தால், தேய்வதற்குரிய வயது வருமுன்பே சிலிண்டர் தேய்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

கடைக்காரர் குதிரை வலுவைப் பற்றியே பேசுவார். நீங்கள் கேட்க வேண்டியது கீழே உள்ள கியர்ப் பெட்டிக்குள் இருப்பது பல்சில்லா, சங்கிலியா என்பதையும், அதற்குரிய சாமான் அவரிடம் இப்போதே இருக்கிறதா என்பதையும்தான். எஞ்சின் போனால் மாற்றலாம். பெட்டி உடைந்து சாமான் இல்லையென்றால் இயந்திரம் இரும்புக் கடைக்குத்தான் போகும்.

மேலே சகோதரர் சொன்ன வாத்துக்கால் கொழுவை எந்த ஒட்டுப் பட்டறையிலும் செய்து கொள்ளலாம். லொறியின் பழைய வில்தட்டை வெட்டி அடித்தால் கூர் நிற்கும். சாதாரணத் தகடு மணலில் ஒரு போகத்துக்குள் தேய்ந்துவிடும். ஆனால் கொழுவை இழுப்பதற்குச் சில்லு வேண்டும், கத்தி அச்சில் ஓடும் இயந்திரம் அதை ஒழுங்காக இழுக்காது. கோரைதான் உங்களுக்கு முதல் எதிரி என்றால் இரண்டு சில்லு வகையைப் பாருங்கள்.

தம்பிலுவில் வாசகர்

இவ்வளவு பேசிவிட்டீர்கள், கையால் தள்ளும் ஒற்றைச் சில்லுக் களைவெட்டியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. சைக்கிளின் முன்சில்லு ஒன்று, இரண்டு கைப்பிடி, கீழே தட்டைக் கத்தி, அவ்வளவுதான். மணலில், புல் விரலளவாக இருக்கும்போது தள்ளினால் அரை ஏக்கர் கச்சானைக் காலைப் பொழுதில் ஒருவரே முடித்துவிடலாம். 45 சென்ரிமீற்றர் வரிசைக்குள் வேறு எதை விடப் போகிறீர்கள்? 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது எங்கள் தோட்டத்தைக் காப்பாற்றியது அதுதான். புல் முற்றிவிட்டால் மட்டும் அதனால் முடியாது.

களுதாவளைத் தோட்டம்

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. படுவான்கரை அண்ணன் சொன்னது போல லாண்ட்மாஸ்டர் வருமானம் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடகைக்கு விடுவதென்றால் அதன் பின்னால் ஓட ஓர் ஆள் வேண்டும், எனக்கு இல்லாததே ஆள்தான். சோடி வரிசைக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. வருகிற தையில் மிளகாயில் ஒரு பகுதியை 45, 75 இல் நட்டு, கச்சானுக்குத் தள்ளும் களைவெட்டியை வைத்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறேன். மிளகாய், கத்தரி, வெண்டிக்கு இரண்டு சில்லு வகைப் பெற்றோல் இயந்திரத்தைப் பார்க்கப் போகிறேன்.

பட்டறை நானாவிடம் இரண்டு சந்தேகங்கள். எங்கள் மணல் வெயிலில் காய்ந்தால் கால் புதையும் அளவுக்கு இளகிவிடும். அந்த நிலையில் இரண்டு சில்லு இயந்திரம் கொழுவை இழுக்குமா, சில்லு ஒரே இடத்தில் சுற்றுமா? அடுத்தது, தூவல் குழாய்கள் வரிசைக்குக் குறுக்கே கிடக்கின்றன; அவற்றை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருக்குமா?

அக்கரைப்பற்றுப் பட்டறை

காய்ந்த மணலில் றப்பர்ச் சில்லு சுற்றத்தான் செய்யும். காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்து, சில்லின் நடுவில் இரும்புப் பாரம் பூட்டினால் ஓரளவு பிடிக்கும். அதைவிட நல்லது, முதல் நாள் மாலை தூவலைச் சிறிது நேரம் திறந்துவிட்டு, மறுநாள் காலை மேல்மணல் இறுகியிருக்கும்போது ஓட்டுவது. ஈரம் அங்குல ஆழம் இருந்தால் போதும், சேறாக வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் முடித்தால் அறுத்த புல்லும் அன்றைக்கே காய்ந்துவிடும். அப்படியும் சுற்றுகிறது என்றால் இரண்டு கொழுவில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் இழுக்கவிடுங்கள். இரும்புக் கம்பிகளால் கூடு போலச் செய்த சில்லு நன்றாக இழுக்கும்தான். ஆனால் வீதியைக் கடந்து கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், 55 சென்ரிமீற்றர் ஓடுபாதைக்கு அகலமும் கூடிவிடும்.

குழாயைக் குறுக்கே போடாமல் சோடி வரிசையின் நடுவில், அந்த 45 சென்ரிமீற்றருக்குள் வரிசையோடு வரிசையாகப் போடுங்கள். இயந்திரம் அந்த இடைவெளிக்குள் வரப்போவதில்லை என்பதால் போகம் முடியும் வரை கழற்றத் தேவையில்லை. பிரதான குழாயை வேலி ஓரமாக ஓடவிட்டு, இயந்திரம் திரும்புவதற்கு வரிசையின் இரு முனையிலும் ஆறு ஏழு அடி வெறுமையாக விடுங்கள். அந்த இடத்தையும் வீணாக்காமல் நட்டுவிட்டுப் பிறகு கன்றை மிதிக்கிறது என்று சொல்பவர்கள்தான் அதிகம். வாங்கப் போகும்போது ஓர் அளவுநாடாவையும் கொண்டு போங்கள். கடைச் சீட்டில் எழுதியிருக்கும் அகலம் பெரும்பாலும் கத்தியின் அகலம், உங்களுக்குத் தேவையானது சில்லின் வெளி விளிம்பிலிருந்து மறுபக்க வெளி விளிம்பு வரையுள்ள அளவு.